ஃபைபருக்கு மாறியதும் கேமரா வெளியூரில் தெரியவில்லை: ஸ்டேடிக் ஐபி வாங்கலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் வாசலில் ஒரு கேமராவும், பின்கட்டில் கிணற்றடியைப் பார்த்த மாதிரி இன்னொன்றும் வைத்தோம். வாசல் கேமரா கேபிளில் ஓடுகிறது, கிணற்றடி கேமரா வைஃபையில். ஊரில் கேமரா வேலை செய்யும் தம்பி ஒருவர் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பை ரவுட்டர் கேமராவுக்கு அனுப்பும் ஏற்பாடு) போட்டுக் கொடுத்தார். பெங்களூரிலிருந்து பிரவுசரில் முகவரியை அடித்தால் இரண்டும் தெரியும். பாஸ்வேர்டு அவர் வைத்ததே. மூன்று மாதங்களுக்கு முன் ஃபைபர் இணைப்புக்கு மாறினோம், ரவுட்டரும் புதிது. கிணற்றடி கேமராவில் வைஃபை பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து கேமராக்கள் வீட்டுக்குள் தெரிகின்றன, வெளியே தெரிவதில்லை. அவர் வந்து டிஎம்இசட் (வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஒரே கருவிக்கு விடும் ரவுட்டர் வசதி) போட்டுப் பார்த்தார், பயனில்லை. இனி மாதப் பணம் கட்டி ஸ்டேடிக் ஐபி, அதாவது நமக்கென்று மாறாத இணைய முகவரி, வாங்க வேண்டும் என்கிறார். போதாக்குறைக்கு, கிணற்றடி கேமரா சில நாட்களில் வீட்டுக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. பொங்கலுக்கு உறவினர்கள் வந்திருந்த வாரம் முழுக்கத் தெரியவே இல்லை. கரண்ட் போய் வந்தால் இரண்டு கேமராக்களும் 1970ஆம் வருடம் என்று காட்டுகின்றன. செட்டிங் பக்கங்களைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: ஸ்டேடிக் ஐபி வாங்க வேண்டாம். அந்த டிஎம்இசட்டையும் இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். பழைய போர்ட் ஃபார்வர்டிங்குக்குத் திரும்பப் போகவும் வேண்டாம். இவை எதுவும் இல்லாமலே பெங்களூரிலிருந்து கேமராவைப் பார்க்க முடியும், அதற்கு மாதப் பணமும் தேவையில்லை.

மூன்று மாதமாக வெளியே தெரியவில்லை என்று கவலைப்படுகிறீர்கள். எனக்கோ அதற்கு முந்தைய இரண்டு வருடங்களைப் பற்றித்தான் கவலை. நீங்கள் பெங்களூரில் முகவரியை அடித்தபோது திறந்த அந்தப் பக்கம், உலகத்தில் யார் அடித்தாலும் திறந்திருக்கும். பாஸ்வேர்டைக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், இங்கே நீக்கிவிட்டேன். யாரும் முதல் சில முயற்சிகளிலேயே ஊகித்துவிடக்கூடிய பாஸ்வேர்டு அது. கேமரா பார்த்துக்கொண்டிருந்த இடமோ கிணற்றடி. துணி துவைப்பதும் சில வீடுகளில் குளிப்பதும் அங்கேதான். யாராவது பார்த்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை, அதுதான் இதில் மோசமான விஷயம்.

எங்கோ ஒரு கிராமத்து வீட்டின் கேமராவை யார் தேடப் போகிறார்கள் என்று தோன்றலாம். மனிதர்கள் உட்கார்ந்து தேடுவதில்லை, நிரல்கள் தேடுகின்றன. பழைய முறை இணைய முகவரிகள், அதாவது ஐபிவி4, மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஜீமேப் என்ற மென்பொருள், வேகமான இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து அத்தனை முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். எந்தெந்தக் கருவிகள் இணையத்தில் திறந்து கிடக்கின்றன என்று தேடித் தருவதற்கென்றே ஷோடான் என்ற தேடுதளம் 2009 முதல் இருக்கிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படித்தான் பரவியது. அதனிடம் பெரிய வித்தை ஏதும் இல்லை. கேமரா, டிவிஆர், ரவுட்டர் கம்பெனிகள் வைத்து அனுப்பும் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சம் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது, அவ்வளவுதான். அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளைக் கொண்டு தளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின.

சரி, பாஸ்வேர்டைக் கடினமாக வைத்துவிட்டுப் போர்ட்டைத் திறந்தால் என்ன? அதுவும் போதாது. 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் கேமராக்களில் ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. கேமராவின் வெப் பக்கத்தை எட்ட முடிந்தால் போதும், பாஸ்வேர்டே இல்லாமல் கேமரா முழுவதையும் கைப்பற்றிவிடலாம். கம்பெனி திருத்தம் வெளியிட்டது, ஆனால் அதைக் கேமராவில் ஏற்றியவர்களுக்குத்தான் அது உதவியது. நாளைக்கு இன்னொரு கம்பெனியின் கேமராவில் இன்னொரு ஓட்டை வரும். இணையத்திலிருந்து யாரும் தொட முடியாத இடத்தில் கேமரா இருந்தால், அந்த ஓட்டையை வெளியாள் பயன்படுத்துவது மிகவும் கடினம். கேமராவின் வெப் பக்கத்தை இணையத்துக்குத் திறக்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இப்போது நீங்கள் அனுப்பிய படங்களுக்கு வருகிறேன். உங்களுக்கு இருப்பது மூன்று தனித்தனிக் கோளாறுகள். மூன்றும் ஃபைபருக்கு மாறிய அதே நாளில் தொடங்கியதால் ஒன்று போலத் தெரிகின்றன.

முதலில் 1970. வாசல் கேமராவின் நெட்வொர்க் பக்கத்தில் ஐபி முகவரி 192.168.1.64, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று இருக்கிறது. உங்கள் புது ரவுட்டரின் பக்கமோ 192.168.1.254 என்ற முகவரியில் திறக்கிறது. 192.168.1.1 பழைய ரவுட்டரின் முகவரி. அந்த ரவுட்டர் இப்போது பரணில் கிடக்கும். வீட்டுக்குள் இருக்கும் ஃபோனும் கேமராவும் பேசிக்கொள்ளக் கேட்வே தேவையில்லை, இரண்டும் 192.168.1 என்ற ஒரே கூட்டத்தில் இருந்தால் போதும். அதனால் வீட்டுக்குள் தெரிகிறது. வீட்டை விட்டு வெளியே எதை அனுப்புவதானாலும் கேமரா அதைக் கேட்வேயிடம் கொடுக்க வேண்டும். இல்லாத ரவுட்டரிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இணையத்தில் இருக்கும் நேர சர்வரிடம் மணி கேட்கிறது, கேள்வி வாசலைத் தாண்டுவதில்லை. கரண்ட் போனதும் கடிகாரம் அழிந்து, பெரும்பாலான கருவிகள் காலத்தை எண்ணத் தொடங்கும் 1970 ஜனவரி 1க்குப் போய் நின்றுவிடுகிறது. கிணற்றடி கேமராவின் படத்திலும் அதே பழைய கேட்வேதான்.

இரண்டாவது, கிணற்றடி கேமரா மறைந்து போவது. அதன் முகவரி 192.168.1.5, கையால் போட்டது. புது ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் பாருங்கள், ஃபோன்களுக்கும் டிவிக்கும் தானாகக் கொடுக்கும் முகவரிகள் 192.168.1.2இல் தொடங்குகின்றன. அதாவது 5ஆம் எண்ணைக் கேமரா தனது என்று வைத்திருக்கிறது, ரவுட்டரோ அதைக் காலியான எண் என்று நினைக்கிறது. வீட்டில் அப்பாவின் ஃபோனும் டிவியும் மட்டும் இருக்கும்போது 2, 3 என்று முடிந்துவிடும். பொங்கலுக்கு உறவினர்கள் வந்து அத்தனை பேரும் வைஃபை பாஸ்வேர்டு வாங்கியிருப்பார்கள். நடுவில் கரண்ட் போய்க் கேமரா அணைந்திருந்த நேரத்தில் யாரோ ஒருவரின் ஃபோனுக்கு 5 போயிருக்கும். கேமரா திரும்ப எழுந்தபோது ஒரே முகவரிக்கு இரண்டு பேர். வாசல் கேமரா தப்பியது அதன் எண் 64 என்பதால்தான். அந்த எண் வரைக்கும் ஃபோன்கள் சேர உங்கள் வீட்டில் கல்யாணமே நடக்க வேண்டும்.

இது என் ஊகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கலாம். அடுத்த முறை கேமரா மறையும்போது ரவுட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து, 192.168.1.5க்கு நேரே இருக்கும் மேக் முகவரியைப் பாருங்கள். பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் அது. கேமராவின் அடியில் ஸ்டிக்கரிலும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் வேறாக இருந்தால் முகவரித் தகராறு உறுதி. கேமரா பட்டியலிலேயே இல்லை என்றால் வைஃபை எட்டவில்லை என்று பொருள். அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்ட கேள்வி. ரவுட்டரின் முகப்புப் பக்கத்தில் இணைய இணைப்பின் ஐபி 100.72 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012இல் ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று ஒதுக்கப்பட்டவை. இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்க அவற்றைப் பயன்படுத்துகின்றன. சிஜிநாட் என்பார்கள். உலக அளவில் புதிதாகப் பிரித்துக் கொடுக்க இருந்த ஐபிவி4 தொகுதிகள் 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டன. அதன் பிறகு வளர்ந்த ஃபைபர், மொபைல் இணைப்புகளில் இது சாதாரணம். நம் ஊர்க் காம்பவுண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பத்துக் குடித்தனம், தெருவுக்குத் தெரிவது ஒரே கதவிலக்கம். உள்ளிருந்து யார் வேண்டுமானாலும் வெளியே போய் வரலாம். வெளியிலிருந்து வெறும் கதவிலக்கத்தை மட்டும் தெரிந்துகொண்டு வருகிறவருக்கு எந்தக் குடித்தனம் என்று தெரியாது, வாசலோடு திரும்ப வேண்டியதுதான். போர்ட் ஃபார்வர்டிங்கும் டிஎம்இசட்டும் உங்கள் ரவுட்டருக்குக் கொடுக்கும் கட்டளைகள். தடுப்பு இருப்பதோ இணைய நிறுவனத்தின் பக்கம். அதனால்தான் தம்பி என்ன போட்டும் பலிக்கவில்லை.

ஸ்டேடிக் ஐபி வாங்கினால் பலிக்கும், உண்மை. அதைத் தம்பி தெரிந்தேதான் சொல்கிறார். ஆனால் மாதாமாதம் பணம் கட்டி, கேமராவை மறுபடி தெருவில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். அதோடு டிஎம்இசட்டும் சேர்ந்தால் கேமராவின் ஒரு போர்ட் மட்டுமல்ல, எல்லாப் போர்ட்டுகளும் திறந்துவிடும். ஃபைபர் இணைப்பு தற்செயலாக உங்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதை அப்படியே விட்டுவிடுங்கள். ஐபிவி6 என்ற புதிய முறை முகவரி வழியாக வெளியே திறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதற்கு ரவுட்டரின் ஃபயர்வாலைத் தளர்த்த வேண்டியிருக்கும். அதையும் செய்யாதீர்கள்.

அடுத்து, சரிசெய்யும் வேலை. இதை ஃபோனில் அப்பாவுக்குச் சொல்லிச் செய்ய வைக்காதீர்கள். பாதியில் கேமரா முகவரி மாறிப் பக்கம் மூடிக்கொண்டால் அவரும் தவிப்பார், நீங்களும் தவிப்பீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது லேப்டாப்போடு உட்காருங்கள். டிஎம்இசட்டை எடுப்பது மட்டும் காத்திருக்க வேண்டாம், அதைத் தம்பியே செய்துவிடுவார்.

ரவுட்டரில் தொடங்குங்கள். போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் எது இருந்தாலும் அழியுங்கள். யுபிஎன்பி என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அணைத்துவிடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் உங்களைக் கேட்காமலே ரவுட்டரில் போர்ட் திறந்துகொள்ள அனுமதிப்பது அது. கேமராவிலும் அதே பெயரில் ஒன்று இருக்கும், அதையும் அணையுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். அது பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், வீட்டுக்கு வருகிற யாரும் படிக்கலாம்.

அப்புறம் கேமராவின் முகவரி. இங்கே தொழில் செய்பவர்களிடையே இரண்டு பழக்கங்கள் உண்டு. கேமராவிலேயே கையால் நிலையான முகவரி போடுவது ஒன்று. கேமராவை டிஹெச்சிபியில் விட்டுவிட்டு, இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த எண் என்று ரவுட்டரில் பதிந்து வைப்பது இன்னொன்று. கடைகளிலும் அலுவலகங்களிலும் முதலாவது சரி, அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார். உங்கள் வீட்டுக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். நாளைக்கு இணைய நிறுவனத்தின் ஆள் வந்து ரவுட்டரை மாற்றினால் கையால் போட்ட முகவரி, கேட்வே எல்லாம் மறுபடி இப்படியே பொய்யாகிவிடும். டிஹெச்சிபியில் இருக்கும் கேமரா புது ரவுட்டரிடம் முகவரி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் தானே வாங்கிக்கொள்ளும். பதிவு செய்த எண் போய்விடும், கேமரா போகாது. சில ரவுட்டர்களில் இந்தப் பதிவு வசதியை மறைத்து வைத்திருப்பார்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெறும் டிஹெச்சிபியே போதும். நான் சொல்லப்போகும் முறையில் ஆப் கேமராவை அதன் வரிசை எண்ணால்தான் கண்டுபிடிக்கிறது, முகவரியால் அல்ல.

முகவரி மாற்றி சேமித்த நொடியில் பக்கம் நின்றுபோகும், பயப்பட வேண்டாம். கேமரா புது எண்ணில் இருக்கும். ரவுட்டரின் பட்டியலில் மேக் முகவரியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். கம்பெனிகளும் இதற்கென்று மென்பொருள் தருகின்றன. ஹிக்விஷனுக்கு எஸ்ஏடிபி, டாஹுவாவுக்குக் கான்ஃபிக்டூல். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் தங்கள் கேமராக்களை அவை தேடிக் காட்டும். பழைய கேமராக்களில் சில பக்கங்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில்தான் சரியாகத் திறக்கும். அதை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் நிறுத்திவிட்டாலும் எட்ஜ் பிரவுசருக்குள் ஐஇ மோட் என்று ஒன்று இருக்கிறது, அதில் திறந்து பாருங்கள்.

முகவரி சரியானதும் நேரம். நேரப் பகுதியில் ஜிஎம்டி+5:30 தேர்ந்தெடுத்து, கோடைகால நேர மாற்றத்தை அணைத்து, இணையத்திலிருந்து மணி கேட்டு வாங்கும் என்டிபியை இயக்குங்கள். சர்வர் பெயர் ஏற்கெனவே நிரப்பியிருக்கும், அது வேலை செய்தால் மாற்ற வேண்டாம். நேரத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். திருட்டுப் போனால் காவல்துறை முதலில் கேட்பது எந்தத் தேதி, எத்தனை மணி என்றுதான். 1970 என்று பதிந்த காட்சியைத் தேதி போட்டுத் தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் அதைச் சாட்சியமாக வைக்கும்போது கேள்வி எழும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும், அந்தக் கருவி ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்தது என்று அதில் சொல்ல வேண்டும். தேதியே தப்பான கேமராவுக்கு அப்படி எழுதிக் கொடுப்பது கஷ்டம்.

பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும், வேறு எங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைப்பதில் தப்பே இல்லை. அப்பா பார்ப்பதற்கு அட்மின் கணக்கைக் கொடுக்க வேண்டாம், பார்க்க மட்டும் உரிமையுள்ள இன்னொரு யூசரை உருவாக்கிக் கொடுங்கள். கேமராவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைக் கம்பெனியின் தளத்திலிருந்து, உங்கள் மாடல் எண்ணுக்கு உரியதை மட்டும் ஏற்றுங்கள். வேறு மாடலின் ஃபர்ம்வேரை ஏற்றினால் கேமராவே எழாமல் போகலாம். ஏற்றும்போது கரண்ட் போகக் கூடாது, அதனால் இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டுச் செய்யுங்கள். இரண்டு வருடம் வெளியே திறந்திருந்த கேமராக்கள் என்பதால், ஃபர்ம்வேர் ஏற்றிய கையோடு முழுக்க ரீசெட் செய்து புதிதாகத் தொடங்குவது நல்லது. யூசர் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர் எதுவும் இருந்ததா என்று ரீசெட்டுக்கு முன் பார்த்து வையுங்கள்.

இனி வெளியூரிலிருந்து பார்ப்பது. உங்கள் கேமராவின் பெட்டியில் க்யூஆர் கோடு இருக்கும், கம்பெனியின் ஆப்பும் இருக்கும். இந்த முறையைப் பி2பி என்பார்கள். கேமரா தானே வெளியே போய்க் கம்பெனியின் சர்வரோடு தொடர்பில் இருக்கும். நீங்கள் பெங்களூரில் ஆப்பைத் திறந்தால் ஃபோனும் அதே சர்வரிடம் போகும். சர்வர் இரண்டையும் அறிமுகப்படுத்தி வைக்கும், நேரடியாகப் பேச முடியாவிட்டால் தன் வழியாகவே காட்சியை அனுப்பும். தொடர்பைத் தொடங்குவது உள்ளிருக்கும் கேமரா என்பதால் சிஜிநாட் தடுப்பதில்லை, ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதுமில்லை. கேட்வேயைச் சரிசெய்த உடனே இது வேலை செய்யும். கேமரா செட்டிங்கில் ஸ்ட்ரீம் என்க்ரிப்ஷன் இருந்தால் இயக்குங்கள். அதற்கான குறியீட்டைக் கம்பெனி ஸ்டிக்கரில் அச்சிட்டிருந்தால் அதை விட்டுவிட்டு உங்கள் சொந்தக் குறியீட்டைப் போடுங்கள். ஆப் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருந்தால் அதையும் போடுங்கள்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இது தலைவலியாகிறது. கேமராவை முதலில் எந்தக் கணக்கில் சேர்க்கிறார்களோ அந்தக் கணக்குதான் அதன் உரிமையாளர். கேமரா போட வருகிறவர்கள் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தங்கள் ஃபோனில் க்யூஆரை ஸ்கேன் செய்து, உங்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்குப் படம் தெரியும், எல்லாம் சரி என்று நினைப்பீர்கள். உங்கள் வீட்டு வாசல் அவர் ஃபோனிலும் தெரிந்துகொண்டே இருக்கும், அவர் ஃபோன் கைமாறினால் அங்கேயும். கெட்ட எண்ணம் இல்லாமலே இது நடக்கிறது. கேமராவை உங்கள் மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கில் நீங்களே சேருங்கள். வேறு கணக்கில் இருக்கிறது என்று ஆப் சொன்னால் தம்பியிடம் மரியாதையாகச் சொல்லி அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அவர் நீக்கினால்தான் உங்களால் சேர்க்க முடியும். இல்லாவிட்டால் பில், வரிசை எண் படத்தோடு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுத வேண்டியிருக்கும்.

பி2பியில் கம்பெனியை நம்ப வேண்டியிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நம்பிக்கை வேண்டாம் என்பவர்களுக்கு விபிஎன் வழி, அதாவது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர ஒரு தனிப் பாதை, இருக்கிறது. வீட்டில் ராஸ்பெர்ரி பை மாதிரி எப்போதும் ஓடும் ஒரு குட்டிக் கணினி வைத்து, அதில் டெயில்ஸ்கேல் போன்ற மென்பொருளை நிறுவி, வீட்டு நெட்வொர்க்குக்கு வழிகாட்டியாக அதை அமைத்தால், பெங்களூரில் உங்கள் ஃபோன் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே இருப்பது போல 192.168.1.64 என்று அடித்துப் பார்க்கலாம். கேமராவின் பி2பியை அணைத்துவிடலாம். சிஜிநாட்டுக்குப் பின்னாலும் இது வேலை செய்யும். வெறும் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளை மட்டும் போட்டால் ஒரு முனையிலாவது பொது முகவரி வேண்டும், உங்களிடம் அது இல்லை. ஆனால் அந்தக் குட்டிக் கணினி நின்றுபோனால் ஊரில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். தெருவைப் பார்த்த வாசல் கேமராவுக்குப் பி2பி போதும் என்பது என் கருத்து. வீட்டுக்குள் ஒரு கேமரா வைக்கும் எண்ணம் வந்தால், அப்போது விபிஎன் தவிர வேறு எதற்கும் போகாதீர்கள்.

கிணற்றடி கேமராவுக்குத் தனியாக ஒன்று. செட்டிங்கில் பிரைவசி மாஸ்க் என்று இருக்கும். திரையில் ஒரு பகுதியைக் கட்டம் போட்டு மறைக்கலாம், அந்த இடம் பதிவிலும் வராது. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படத்தைக் காட்டி, எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று அவர்களிடமே கேளுங்கள். பின்கதவும் மதில் மேலும் தெரிந்தால் திருடனுக்குப் போதும், துவைக்கிற கல் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு முற்றம் விழுந்தால் அதையும் மறையுங்கள். மைக் இருந்தால் அணையுங்கள்.

அந்தக் கேமராவின் வைஃபை பற்றி. பெரும்பாலான வைஃபை கேமராக்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். புது ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விட்டால் சில கேமராக்கள் குழம்பும். பெயரைப் பிரித்து வையுங்கள், சேனலை 1, 6, 11 இவற்றில் எது கூட்டமில்லாமல் இருக்கிறதோ அதில் நிலைநிறுத்துங்கள். பழைய வீட்டின் கனத்த சுவர்கள் இரண்டைத் தாண்டிக் கிணற்றடிக்குச் சிக்னல் போக வேண்டும் என்றால் எந்த செட்டிங்கும் உதவாது. கேபிள் இழுப்பதுதான் தீர்வு. கேமராவில் பிஓஇ இருந்தால் ஒரே கேபிளில் மின்சாரமும் போய்விடும், 100 மீட்டர் வரை கவலையில்லை. வெளியில் ஓடும் கேபிள் வெயில் தாங்கும் உறையுள்ளதாகவும், உள்ளே சுத்த செம்பாகவும் இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிளைக் கொடுத்தால் வாங்காதீர்கள், தூரம் போகப் போக மின்சாரம் குறைந்து கேமரா அணைந்து அணைந்து எழும்.

பதிவின் அளவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 1080பி படத்துக்கு ஹெச்.265 என்ற காட்சிச் சுருக்க முறையில் நொடிக்கு 2 மெகாபிட் தாராளம். அந்தக் கணக்கில் ஒரு கேமரா மணிக்கு 0.9 ஜிபி, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 22 ஜிபி எழுதும். 128 ஜிபி கார்டு ஐந்து நாளைக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். கேமராவுக்கென்று விற்கும் ஹை எண்டுரன்ஸ் கார்டு வாங்குங்கள், ஃபோன் கார்டு இந்த எழுத்துக்குத் தாங்காது. வெளியூரிலிருந்து பார்க்கும்போது தரம் குறைந்த சப் ஸ்ட்ரீமைத் தேர்ந்தெடுங்கள், நொடிக்கு அரை மெகாபிட்டுக்குள் வேலை முடிந்துவிடும்.

கேமராக்கள் பழையவை, ஃபர்ம்வேர் வருவது நின்றுவிட்டது என்று தெரிந்தால் மாற்றிவிடுங்கள். மத்திய மின்னணு அமைச்சகத்தின் விதிப்படி 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் தயாரிக்கும், இறக்குமதி செய்யும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். கடையில் அந்தச் சோதனைக்கான எஸ்டிக்யூசி சான்று உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் முடிந்தபின் இரண்டு சோதனைகள். ஃபோனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஆப்பைத் திறந்து பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளியே தெரிகிறது என்று முடிவு செய்துவிட்டுப் பஸ் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். இரண்டு கேமராக்களும் தானே எழுந்து, சரியான தேதியோடு, பதிந்த முகவரியிலேயே வந்தால் வேலை முடிந்தது. டிஹெச்சிபி பதிவு உங்கள் ரவுட்டரில் எங்கே இருக்கிறது என்று புரியாவிட்டால் ரவுட்டரின் மாடல் எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள், பாஸ்வேர்டை அனுப்ப வேண்டாம்.